நீதிமன்றத்தில் வாழும் இலத்தீன்

நுழையும்முன்

பேசுவோர் இன்றி வழக்கொழிந்த ஒரு மொழியின் சொற்றொடர்கள் இன்றும் சிறைக் கதவுகளைத் திறக்கின்றன; அதிகாரத்தில் இருப்போரை நிறுத்தி வினவுகின்றன; ஒருதலைப்பட்சமான முடிவுகளைத் தள்ளுபடி செய்கின்றன. இலத்தீன் தொடர்களின் பொருளை அறிவது மொழியறிவோடு முடிவதன்று; குடிமக்களின் உரிமையறிவும் அதனுள் அடங்கியுள்ளது.

வழக்கொழிந்த மொழி, வாழும் தொடர்கள்

இத்தாலியின் நடுப்பகுதியில், ரோம் நகரைச் சூழ்ந்திருந்த சிறு நிலப்பகுதியில் பேசப்பட்ட மொழி இலத்தீன். ரோமானியப் பேரரசு விரிந்தபோது அதன் படைகளோடும் சட்டங்களோடும் இம்மொழியும் ஐரோப்பாவின் பல பகுதிகளுக்குப் பரவியது. பேரரசு சிதைந்த பின்னர், மக்கள் பேசிய இலத்தீன் இடத்திற்கு இடம் திரிந்து இத்தாலியம், பிரெஞ்சு, எசுப்பானியம், போர்த்துகீசியம், உருமேனியம் முதலிய மொழிகளாயிற்று. இன்று இலத்தீனைத் தாய்மொழியாகக் கொண்டோர் எவரும் இலர்.

எனினும் எழுத்து மொழியாக அது நெடுங்காலம் நிலைத்து நின்றது. சமயம், பல்கலைக்கழகம், மருத்துவம், அறிவியல், சட்டம் ஆகிய துறைகளில் ஐரோப்பிய அறிஞர்களின் பொதுமொழியாக இலத்தீன் விளங்கியது. ஐசக் நியூட்டன் தம் இயக்க விதிகளை விளக்கிய பெருநூலை 1687ஆம் ஆண்டு இலத்தீனிலேயே வெளியிட்டார். அங்கேரி நாட்டில் 1844ஆம் ஆண்டுவரை ஆட்சிமொழித் தகுதி அதற்கே இருந்தது. தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இருசொற்பெயர் இடும் முறையில் இலத்தீன் இன்றும் தொடர்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் அறிவியல் பெயர் ‘குளோரியோசா சூபர்பா’ என்பதாகும். ‘புகழ்மிக்கது’, ‘பெருமிதம் மிக்கது’ என்பன அவ்விரு சொற்களின் பொருள்கள். 1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் குறிக்கோளுரையும் இலத்தீன் தொடரே. ஒருவரிடம் இயல்பாக அமைந்துள்ள ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது என்பது அதன் கருத்து.

அன்றாட வாழ்வில் இலத்தீன்

அறியாமலேயே நாள்தோறும் இலத்தீனைப் பயன்படுத்துவோர் பலர். கடிகாரத்தில் காணும் ‘ஏ.எம்.’, ‘பி.எம்.’ என்பன ‘ஆண்டி மெரிடியம்’, ‘போஸ்ட் மெரிடியம்’ என்பவற்றின் சுருக்கங்கள். முறையே நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் எனப் பொருள்படுவன. நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிடும் ‘பெர்சென்ட்’ என்னும் சொல், ‘நூறு ஒவ்வொன்றுக்கும்’ என்னும் இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. பட்டியலின் இறுதியில் இடும் ‘எட்செட்ரா’ என்பதற்கு ‘ஏனையவும்’ என்பது பொருள். வேலை வேண்டுவோர் இணைக்கும் தன்விவரக் குறிப்பு ‘கரிகுலம் விட்டே’ எனப்படும். ‘வாழ்க்கையின் ஓட்டம்’ என்பது அதன் நேர்பொருள். பயின்ற கல்வி நிறுவனத்தை ‘ஆல்மா மேட்டர்’ என்பர். ‘ஊட்டி வளர்க்கும் தாய்’ என்பது அத்தொடரின் பொருள்.

கூட்ட நடைமுறைகளிலும் இத்தகைய சொற்கள் மிகுதி. ‘அஜெண்டா’ என்பதற்குச் ‘செய்யப்பட வேண்டியவை’ என்பது பொருள்; அதுவே நிகழ்ச்சி நிரல். கூட்டம் நடைபெறத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கையைக் குறிக்கும் ‘கோரம்’ என்பதற்கு ‘எவர்களுள்’ என்பது நேர்பொருள். பழைய நியமன ஆணைகளில் ‘எவர்களுள் இன்னார் இருத்தல் வேண்டும்’ என வந்த தொடரின் ஒரு சொல்லே தனித்து நின்று இப்பொருளைப் பெற்றது. சட்டமன்றம் ‘சைனி டை’ ஒத்திவைக்கப்பட்டது என்றால், மீண்டும் கூடும் நாள் குறிக்கப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது என்பது கருத்து. விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு அரசு வழங்கும் கருணைத்தொகை ‘எக்ஸ் கிரேஷியா’ எனப்படுகிறது. சட்டக் கடமையால் அன்றி அருளால் வழங்கப்படுவது என்பது அதன் உட்பொருள்.

‘வீட்டோ’ என்பதற்கு ‘நான் தடுக்கிறேன்’ என்பது பொருள். ரோமானியக் குடியரசில் எளிய மக்களின் சார்பாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோர், தம் மக்களுக்குத் தீங்கு தரும் ஆணைகளைத் தடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தனர். இன்று ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றத்தில் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகள் கொண்டுள்ள தடுப்பதிகாரத்துக்கு இப்பெயர் வழங்குகிறது. எளியோரின் கேடயமாக இருந்த அதிகாரத்தின் பெயரை இன்று வலியோர் தாங்கி நிற்கின்றனர். சொல் பிழைத்திருந்தாலும் அது யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நீதிமன்றத்தில் நுழைந்த வரலாறு

ரோமானியர் உலகுக்கு அளித்த பெருங்கொடைகளுள் சட்டவியல் தலையாயது. இங்கிலாந்தில் 1066ஆம் ஆண்டு நார்மானியர் ஆட்சி ஏற்பட்ட பின்னர், நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி ஒலித்தது. ஆவணங்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. மன்னர் பெயரால் வெளியிடப்படும் எழுத்தாணைகளும் இலத்தீனிலேயே அமைந்தன. அவ்வாணைகள் தம்முள் இடம்பெற்ற முதன்மையான சொற்களாலேயே பெயர் பெற்றன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகிய நூல்கள் தம் தொடக்கச் சொற்களால் பெயர்பெற்றதை இதனோடு ஒப்பிடலாம்.

சாட்சியை வரவழைக்கும் அழைப்பாணை ‘சப்பீனா’ எனப்பட்டது. வாராவிடில் ‘தண்டனைக்கு உட்பட்டு’ என்னும் அதன் சொற்களே பெயராயின. உறுதிமொழி ஆவணம் ‘அஃபிடவிட்’ எனப்பட்டது. ‘ஆணையிட்டு உரைத்துள்ளார்’ என்பது அதன் பொருள். குற்றம் நிகழ்ந்த வேளையில் தாம் அவ்விடத்தில் இல்லை என ஒருவர் நிறுவுவது ‘அலிபி’ ஆகும். அச்சொல்லுக்கு ‘வேறிடத்தில்’ என்பதே பொருள். மூடிய அறையில் நடைபெறும் விசாரணை ‘இன் கேமரா’ எனப்படுகிறது. கேமரா என்பது இலத்தீனில் அறையைக் குறிக்கும். ‘இருட்டறை’ என்னும் பொருளுடைய தொடரிலிருந்தே ஒளிப்படக் கருவியும் அப்பெயரைப் பெற்றது.

இம்மொழி மக்களுக்கு விளங்கவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாது என்பதையே அறியாமல் பலர் நீதிமன்றத்தில் நின்றனர். ஆகவே நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும் எனப் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது 1733ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆவணங்கள் ஆங்கிலத்துக்கு மாறின. ஆணைகளின் பெயர்களோ இலத்தீனிலேயே நிலைத்தன.

‘நீ கொண்டு வருக’

அப்பெயர்களுள் தலையாயது ‘ஹேபியஸ் கார்பஸ்’. கார்பஸ் என்பதற்கு ‘உடல்’ என்றும், ஹேபியஸ் என்பதற்கு ‘நீ கொண்டிருப்பாயாக’ என்றும் பொருள். இன்னாருடைய உடலை நீதிமன்றத்தின் முன் நீ கொண்டு வருக என்பதே இத்தொடரின் கருத்து. இதில் மறைந்துள்ள ‘நீ’ யார் என்பதே அறியத்தக்கது. இத்தொடர் சிறைப்பட்டவரை விளித்துப் பேசுவதன்று. சிறைப்படுத்தியவரை விளித்துப் பேசுகிறது. அடைபட்டவர் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அடைத்தவரே, எந்தச் சட்டத்தின்படி அடைத்தார் என விடையளிக்க வேண்டும். அதிகாரத்தை நோக்கி விரல்நீட்டி ‘நீ’ என விளிக்கும் முன்னிலை வினையே இத்தொடரின் உயிர்.

இவ்வாணை தோன்றிய காலத்தில் விடுதலைக் கருவியாக இல்லை. வழக்கிற்குத் தேவைப்படுவோரை நீதிமன்றத்தில் நிறுத்தவே முதலில் பயன்பட்டது. ஆனால் ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் சிந்தனை வேறோர் ஆவணத்தில் வேரூன்றியிருந்தது. 1215ஆம் ஆண்டு மன்னர் ஜான் ஏற்றுக்கொண்ட மாக்னா கார்ட்டா என்னும் பேருரிமைச் சாசனம், நாட்டின் சட்டப்படி அன்றிச் சுதந்திரமான மனிதர் எவரையும் சிறைப்படுத்தலாகாது என உரைத்தது. அச்சாசனமும் இலத்தீனில் எழுதப்பட்டதே.

1627ஆம் ஆண்டு, மன்னர் முதலாம் சார்லசு கட்டாயமாகக் கேட்ட கடனைத் தர மறுத்த வீரப்பெருமக்கள் ஐவர் சிறையிலிருந்து ஹேபியஸ் கார்பஸ் ஆணை வேண்டினர். மன்னரின் தனிக்கட்டளையால் அடைக்கப்பட்டனர் என்பதே சிறைத்தரப்பு அளித்த விடை. நீதிமன்றம் அவர்களை விடுவிக்கவில்லை. இத்தீர்ப்பு எழுப்பிய சினம், மறு ஆண்டே நாடாளுமன்றத்தை உரிமை விண்ணப்பம் ஒன்றை முன்வைக்கச் செய்தது. தொடர்ந்த போராட்டத்தின் பயனாக 1679ஆம் ஆண்டு ஹேபியஸ் கார்பஸ் சட்டம் பிறந்தது. சிறைப்பட்டவர் இருபது மைல் தொலைவுக்குள் இருப்பின் மூன்று நாள்களிலும், நூறு மைலுக்குள் இருப்பின் பத்து நாள்களிலும், அதற்கு அப்பால் இருப்பின் இருபது நாள்களிலும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டும் என அது விதித்தது. மீறும் சிறை அலுவலருக்கு முதன்முறை 100 பவுனும் மறுமுறை 200 பவுனும் தண்டம் விதித்தது. சொல்லாக இருந்த உரிமை, கெடுவும் தண்டமும் சேர்ந்த பின்னரே செயலாயிற்று.

கப்பலிலிருந்து மீண்ட மனிதர்

இத்தொடரின் ஆற்றலை உலகறியச் செய்தது ஜேம்சு சாமர்செட் வழக்கு. அமெரிக்கக் குடியேற்றப் பகுதியில் அடிமையாக வாங்கப்பட்ட அவரை, அவருடைய உரிமையாளர் 1769ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். 1771ஆம் ஆண்டு சாமர்செட் தப்பிச் சென்றார். நவம்பர் மாதத்தில் பிடிபட்டு, ஜமைக்காவில் விற்கப்படுவதற்காகத் தேம்சு ஆற்றில் நின்ற கப்பலொன்றில் அடைக்கப்பட்டார். இங்கிலாந்தில் அவர் திருமுழுக்குப் பெற்றபோது ஞானப்பெற்றோராக நின்ற மூவர் நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு, கப்பல் தலைவருக்கு ஹேபியஸ் கார்பஸ் ஆணை பிறப்பித்தார். சரக்காகக் கருதப்பட்டவர் மனிதராக நீதிமன்றத்தில் வந்து நின்றார்.

1772ஆம் ஆண்டு சூன் 22 அன்று தீர்ப்பு வெளியானது. அடிமைமுறை மிகக் கொடியது. வெளிப்படையான சட்டம் ஒன்று இருந்தாலன்றி அதனை ஏற்க இயலாது. அத்தகைய சட்டம் இங்கிலாந்தில் இல்லை என்னும் கருத்தின் அடிப்படையில் சாமர்செட் விடுவிக்கப்பட்டார். அடிமைமுறை இத்தீர்ப்போடு ஒழிந்துவிடவில்லை. பிரித்தானியக் குடியேற்றங்களில் அதனை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டுதான் இயற்றப்பட்டது. ஆயினும், ஒருவரை மற்றொருவர் உடைமையாகக் கொள்ளும் உரிமை நீதிமன்றத்தில் வினவப்பட்டதற்கு வழிதிறந்தது இவ்விரு சொற்களே.

இந்திய அரசியலமைப்பில் ஐந்து ஆணைகள்

ஆங்கிலேயர் ஆட்சியின் வழியாக இவ்வாணைகள் இந்தியாவுக்கு வந்தன. விடுதலைக்கு முன் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகர்களின் உயர் நீதிமன்றங்களே இவற்றைப் பிறப்பித்துவந்தன. 1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அவற்றை நாடு முழுமைக்கும் உரியனவாக்கியது. அடிப்படை உரிமைகள் மீறப்படும்போது உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் உரிமையை 32ஆம் பிரிவு வழங்குகிறது. 226ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கு அவ்வதிகாரத்தை அளிக்கிறது. 32ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயமாகவும் ஆன்மாவாகவும் அண்ணல் அம்பேத்கர் அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தில் குறிப்பிட்டார்.

இப்பிரிவுகளில் இடம்பெறும் ஆணைகள் ஐந்து.

1. ஹேபியஸ் கார்பஸ் – ஆட்கொணர்வு நீதிப்பேராணை: அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, அதற்கான சட்டக் காரணத்தைக் கூறச் செய்வது.

2. மேண்டமஸ் – கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை: ‘நாம் ஆணையிடுகிறோம்’ என்பது இதன் பொருள். சட்டப்படி ஆற்றவேண்டிய கடமையை ஓர் அலுவலர் ஆற்ற மறுக்கும்போது, அதனை ஆற்றுமாறு பணிப்பது.

3. புரோகிபிஷன் – தடையுறுத்தும் நீதிப்பேராணை: கீழமை நீதிமன்றமோ தீர்ப்பாயமோ தன் அதிகார எல்லையைக் கடக்கும்போது தடுத்து நிறுத்துவது.

4. செர்ஷியோரரி – ஆவணக்கேட்பு நீதிப்பேராணை: ‘உறுதியாக அறிவிக்கப்படுதல்’ என்பது இதன் பொருள். வழக்கு ஆவணங்களை வரவழைத்து ஆராய்ந்து, சட்டத்துக்குப் புறம்பான முடிவைத் தள்ளுபடி செய்வது.

5. கோ வாரண்டோ – தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை: ‘எந்த அதிகாரத்தால்?’ என்பது இதன் பொருள். பொதுப்பதவி ஒன்றில் அமர்ந்திருப்பவரிடம், அப்பதவியில் இருக்கும் சட்டத்தகுதி யாது என வினவுவது.

இவ்வைந்தும் அதிகாரத்தை நோக்கியே பேசுகின்றன. கொண்டு வருக, செய்க, நிறுத்துக, காட்டுக, எந்த அதிகாரத்தால் என விடை கூறுக என்பனவே அவற்றின் சாரம்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில திங்களிலேயே, சென்னை மாநிலத்தில் தடுப்புக்காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் ஆட்கொணர்வு மனுவோடு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1950ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த தீர்ப்பு அவரை விடுவிக்கவில்லை. ஆட்கொணர்வு ஆணை விடுதலைக்கு உறுதி தருவதன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. காரணம் கேட்கப்படும், அதற்கு விடை கூறப்பட்டாக வேண்டும் என்பதற்கே அவ்வாணை உறுதி தருகிறது.

பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து முறையிட வேண்டும் என்பதும் இல்லை. 1979ஆம் ஆண்டு தில்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் துன்புறுத்தப்பட்டதைக் குறித்து உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக ஏற்று விசாரித்தது. சட்டப் படிவமோ இலத்தீன் அறிவோ இல்லாத ஒரு கடிதம், சிறைச்சுவரைக் கடந்து உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

தொடர் ஊமையான நாள்

1975ஆம் ஆண்டு சூன் 25 அன்று நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. உயிர்வாழும் உரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை முன்வைத்து நீதிமன்றத்தை அணுகும் உரிமை, குடியரசுத் தலைவரின் ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் உட்படப் பலர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். அவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நீதித்துறை நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா என்பது வழக்கின் பெயர். ‘ஹேபியஸ் கார்பஸ் வழக்கு’ என்றே அது வரலாற்றில் நிலைத்தது.

1976ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நெருக்கடிநிலையின்போது இத்தகைய மனுக்களை விசாரிக்க இயலாது என நால்வர் முடிவுசெய்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். சட்டத்தின் துணையின்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறிக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை; அரசியலமைப்பு எழுதப்படும் முன்னரே சட்டத்தின் ஆட்சிக்கு அஃது அடிப்படை என்பது அவருடைய கருத்து. அரசியலமைப்பில் ஹேபியஸ் கார்பஸ் என்னும் சொற்கள் அழியாமல் இருந்தன; ஆனால் அவை பேசும் ஆற்றலை இழந்தன. முன்னிலையில் விளிக்கும் அந்தத் தொடர் அன்று யாரையும் ‘நீ’ என அழைக்கவில்லை.

1977ஆம் ஆண்டு சனவரி மாதம், பணிமூப்பில் அடுத்திருந்த கன்னாவைத் தாண்டி மற்றொருவர் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். அவர் கருத்தின் பக்கம் சட்டம் படிப்படியாக நகர்ந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடிநிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை நிறுத்திவைக்க இயலாது என வகுத்தது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று, தனியுரிமை குறித்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976ஆம் ஆண்டின் தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது. அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மைத் தரப்பில் நின்ற நால்வருள் ஒருவர் அவருடைய தந்தை ஒய்.வி. சந்திரசூட்.

நெறி உரைக்கும் முதுமொழிகள்

ஆணைகளின் பெயர்களேயன்றி, நீதியின் நெறிகளும் இலத்தீன் முதுமொழிகளாக வழங்குகின்றன.

‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’ என்பதற்கு ‘மறுதரப்பையும் கேள்’ என்பது பொருள். 1977ஆம் ஆண்டு மேனகா காந்தியின் கடவுச்சீட்டு, காரணம் கூறப்படாமலும் அவர் தரப்பு கேட்கப்படாமலும் கைப்பற்றப்பட்டது. ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் உரைத்தது.

‘நெமோ யூடெக்ஸ் இன் காசா சுவா’ என்பதற்குத் ‘தன் வழக்கில் தானே நீதிபதியாதல் ஆகாது’ என்பது பொருள். ஜம்மு காஷ்மீரில் வனப்பணி அலுவலர்களைத் தேர்வு செய்யும் குழுவில், தேர்வுக்குரிய அலுவலர் ஒருவரும் உறுப்பினராக அமர்ந்தார். தம் பெயர் ஆராயப்பட்டபோது அவர் விலகியிருந்தார். தம்மோடு போட்டியிட்டோரின் பெயர்கள் ஆராயப்பட்டபோதோ உடனிருந்தார். 1969ஆம் ஆண்டு கிரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தேர்வைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி நிருவாகத்துக்கும் இந்நெறி பொருந்தும் என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

‘ஊபி யூஸ் இபி ரெமெடியம்’ என்பது ‘உரிமை எங்குண்டோ அங்குத் தீர்வும் உண்டு’ என்னும் பொருளுடையது. தீர்வில்லா உரிமை ஏட்டளவில் நிற்பது. 32ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயம் எனக் கூறியதன் காரணமும் இதுவே.

‘இக்னோரன்ஷியா யூரிஸ் நான் எக்ஸ்கூசாட்’ என்னும் முதுமொழி, ‘சட்டத்தை அறியாமை மன்னிப்புக்குரியதன்று’ என்கிறது. இந்நெறி குடிமக்களுக்கு ஒரு கடமையை விதிக்கிறது. அதே வேளையில் அரசுக்கும் ஒரு கடமையைச் சுட்டுகிறது. அறியாமையை மன்னிக்காத சட்டம், அறியக்கூடிய மொழியில் பேச வேண்டும் அன்றோ?

தமிழில் பெறும் புதுப்பொருள்

இங்கிலாந்து 2004ஆம் ஆண்டு மேண்டமஸ், புரோகிபிஷன், செர்ஷியோரரி ஆகிய பெயர்களைக் கைவிட்டு, எளிய ஆங்கிலப் பெயர்களை ஏற்றது. ஹேபியஸ் கார்பஸ் என்னும் பெயரை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டது. இந்திய அரசியலமைப்பில் பழைய பெயர்களே தொடர்கின்றன.

தமிழ்க் கலைச்சொற்கள் இத்தொடர்களின் பொருளை மக்களுக்கு அண்மையாக்குகின்றன. ‘ஆட்கொணர்வு’ என்னும் சொல்லைச் செவியுறுவோர், விளக்கம் இன்றியே அதன் பொருளை உணர்கின்றனர். இலத்தீன் ‘உடலை’ என்றது. தமிழ் ‘ஆளை’ என்றது. உடல் என்பதினும் ஆள் என்னும் சொல் மனிதத்தன்மையை மிகுதியாகச் சுட்டுகிறது. இலத்தீனில் உள்ள ‘நீ’ என்னும் முன்னிலை தமிழ்ப்பெயரில் மறைந்திருப்பினும், அதன் கருத்து மறையவில்லை.

ஒரு மொழி வழக்கொழியலாம். அதன் சொற்கள் ஆற்றவேண்டிய பணி எஞ்சியிருக்கும்வரை அவை வாழும். எனினும் சொற்கள் தாமாகவே எவரையும் காப்பதில்லை. சாமர்செட்டுக்காக நீதிமன்றம் சென்ற மூவரும், சிறையிலிருந்து கடிதம் எழுதிய கைதியும், தனித்து நின்ற நீதிபதியும் அச்சொற்களுக்கு உயிரூட்டினர். ‘எந்த அதிகாரத்தால்?’ என வினவத் தெரிந்த குடிமக்கள் உள்ள நாட்டில், அவ்வினா எம்மொழியில் எழுந்தாலும் அதற்கு விடை கிடைத்தே தீரும்.

தெரிந்து தெளிவோம்

ஆட்கொணர்வு – ஆள் + கொணர்வு. ஆளைக் கொணர்தல் எனப் பொருள் விரிவதால் இஃது இரண்டாம் வேற்றுமைத்தொகை. வேற்றுமைப் புணர்ச்சியில் நிலைமொழி ஈற்று ளகரம், வல்லினம் வர டகரமாகத் திரிந்தது.

கலைச்சொல் அறிவோம்

அலிபி – வேறிடவாதம்
அஃபிடவிட் – உறுதிமொழி ஆவணம்
எக்ஸ் அஃபிசியோ – பதவிவழி
சுவோ மோட்டு – தாமாக முன்வந்து
பிரைமா ஃபேசி – முதல் நோக்கில்
போனா ஃபைடி – நல்லெண்ணத்துடன்
மாலா ஃபைடி – தீய எண்ணத்துடன்
ஸ்டேட்டஸ் கோ – இப்போதுள்ள நிலை

கற்பவை கற்றபின்

1. நாளிதழ்களின் நீதிமன்றச் செய்திகளில் இடம்பெறும் இலத்தீன் தொடர்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய தமிழ்க் கலைச்சொற்களை அட்டவணைப்படுத்துக.

2. ‘மறுதரப்பையும் கேள்’ என்னும் நெறி, சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட நிகழ்வில் எவ்வாறு மீறப்பட்டது என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘எந்த அதிகாரத்தால்?’ என்னும் பொருளுடைய நீதிப்பேராணை
அ) மேண்டமஸ் ஆ) செர்ஷியோரரி இ) கோ வாரண்டோ ஈ) ஹேபியஸ் கார்பஸ்

2. உயர் நீதிமன்றங்களுக்கு நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரத்தை வழங்கும் பிரிவு
அ) 21 ஆ) 32 இ) 44 ஈ) 226

குறுவினா

1. ‘கேமரா’ என்னும் சொல் நீதிமன்ற வழக்கில் எப்பொருளில் வருகிறது?

2. ‘வீட்டோ’ என்னும் சொல்லின் பொருள் மாற்றத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. 1679ஆம் ஆண்டின் சட்டம் ஹேபியஸ் கார்பஸ் உரிமையை எவ்வாறு செயலாக்கியது?

2. ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்னும் தொடரில் மறைந்துள்ள ‘நீ’ யாரைக் குறிக்கிறது? அதன் சிறப்பை விளக்குக.

நெடுவினா

சொற்கள் தாமாகவே எவரையும் காப்பதில்லை என்னும் கருத்தைச் சாமர்செட் வழக்கு, 1976ஆம் ஆண்டின் வழக்கு ஆகியவற்றை ஒப்பிட்டு நிறுவுக.